கனிமலரின் அளவு

கனிமலரின் இடுப்பில் நாலு வருடம் இருந்த இன்சுலின் பம்ப்புக்கு, அவள் அப்பா பாத்திரக்கடை தவசி அண்ணாச்சி சொன்ன விலை ஒரு ரூபாய். வாங்க வந்த ஞானதுரை நம்பவில்லை.

“விளையாடாதீங்க அண்ணாச்சி. எம்பிள்ளைக்குத் தினம் அஞ்சு ஊசி. தொடையில குத்த இடமில்ல.”

“லாரி அடிச்சு உசுரு போயிக் கெடந்தப்பவும் எம்பொண்ணுக்கு இது மருந்து விட்டுக்கிட்டே இருந்துச்சு வே. விடியக்காலம் கொஞ்சம் கூட, அவ பந்தாடுற சாயங்காலம் கொஞ்சம் கம்மி. அதுல பதிஞ்சிருக்க அந்த அளவை மட்டும் அழிச்சிராதீரும்.”

“டாக்டர் அதை அழிச்சிட்டுத்தான் மாட்டுவாரு. அந்த அளவு எம்பிள்ளைக்கு உசுருக்கே மோசம் அண்ணாச்சி.”

அண்ணாச்சி கல்லாவைத் திறந்து, வாங்க வந்தவன் முன்னால் நோட்டுகளை வைத்தார். “அழிக்காம வச்சிக்கிட அஞ்சாயிரம் தாரேன். சரி, பத்து.”

ஞானதுரை நோட்டுகளை அவர் பக்கமே நகர்த்தினான். யாரும் மாட்டாத அந்தப் பம்ப்புக்கு நேற்றுத்தான் புது பேட்டரி போட்டிருந்தார் அண்ணாச்சி. துண்டால் அதைத் துடைத்து அவன் கையில் வைத்தார்.

“பிள்ளைக்குப் பசிச்சா பட்டனை அமுக்கிட்டுச் சாப்பிடட்டும். ஊசிக்காகக் காக்க வைக்காதீரும்.”

ஞானதுரை ஒரு ரூபாயை நீட்டினான். அண்ணாச்சி வாங்கவில்லை.

“அது பாக்கி நிக்கட்டும் வே. பாக்கி இருந்தாத்தான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வருவீரு.”