ஆயாவுக்குச் சொல்லாத வருஷம்

நறுமுகையைச் சின்ன வயதில் வளர்த்த ஆயா எந்திரத்தைக் கூடத்தில் நிறுத்திவிட்டு, மெக்கானிக் ரிஸ்வான் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"புது சிஸ்டத்துல ஓடவே மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சுக்கா. கடைசியில தேதியை முப்பது வருஷம் பின்னால தள்ளிட்டேன். பழைய டாஸ் கம்ப்யூட்டர் புரோகிராமைப் புது விண்டோஸ்ல ஓட்ட எங்க தாத்தாவும் இப்படித்தான் அதை ஏமாத்துவாராம். இப்ப என்ன வருஷம்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க, நின்னுபோயிடும்."

நறுமுகைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஐந்து வயதில் அவள் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர் ஆயாவின் கன்னத்தில் இன்னும் இருந்தது. கடையில் எத்தனையோ புது எந்திரங்கள் இருக்க, தன் மகள் ஆதிரையையும் இந்த ஆயாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்.

ஆயா கண் திறந்தது.

"வந்துட்டீங்களாம்மா?"

அதே குரல். நறுமுகை அப்படியே அவள் அம்மாவின் ஜாடை. அம்மாதான் வந்திருக்கிறாள் என்று ஆயா நினைத்துவிட்டது. அறைக்குள்ளிருந்து ஆதிரை எட்டிப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்தது.

"நறுமுகைக் கண்ணு, அம்மா வந்தாச்சு பாரு!"

பிறகு நறுமுகையிடம் குனிந்து குரலைத் தாழ்த்தியது.

"தினமும் கொஞ்சம் சீக்கிரமா வாங்கம்மா. நீங்க வர்ற வரைக்கும் பிள்ளை ஜன்னலை விட்டு நகர மாட்டேங்குது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு."

நறுமுகைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சின்ன வயதில் அவள் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஜன்னல் கம்பியின் துரு வாசனைகூட நினைவுக்கு வந்தது.

அது காதில் விழுந்துவிட, ஆதிரை ஓடி வந்து ஆயாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் ஜன்னல்ல நிக்கிறதை உனக்கு யாரு சொன்னா? நான் யார்கிட்டயும் சொல்லலையே!"