வெள்ளி வால்

"செல்வா, அந்தச் சவத்த வேற எங்கயாச்சும் கிடத்தச் சொல்லுடா. பின்பக்கம் போக வழியில்ல."

வீரமுத்து மகனிடம்தான் சொன்னார். மருமகள் யோகேஸ்வரி பக்கத்திலேயே நின்றாள். ஆனால் அவளோடு அவர் நேராகப் பேசிப் பல மாதமாகிறது.

"சவம் இல்லப்பா, வால்" என்றான் செல்வா.

"ரெண்டுக்கும் வெள்ளைத் துணிதானடா போத்தியிருக்கு?"

செல்வா சிரித்துவிட்டான். யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அது சிலிக்கோன் வால். இடுப்பிலிருந்து துடுப்பு வரை வெள்ளிச் செதில். பிறந்தநாள் விருந்துகளில் அதை மாட்டிக்கொண்டு நீச்சல் குளத்தில் கடல்கன்னியாக நீந்துவதுதான் அவள் தொழில். பண்டார் தெங்காரா மாதிரிச் சின்ன ஊரில் இப்படி ஒரு தொழிலை யார் கண்டது? செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் மற்ற லோரிக்காரர்கள் அவள் வீடியோவை வீரமுத்துவிடமே காட்டி, "அண்ணே, உங்க வீட்டு மீனு கிலோ என்ன விலை?" என்று கேட்டார்களாம். அன்றைக்கு மூடிய வாய்தான்.

சனிக்கிழமை ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் தேர்வு. தேறிவிட்டால் கண்ணாடித் தொட்டியில் நிரந்தர வேலை. குழந்தை லோஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டு விருந்து விருந்தாக அலைய வேண்டாம்.

அதனால்தான் வாலைப் பச்சைப்பிள்ளை போலக் குளிப்பாட்டியிருந்தாள். குளோரின் போக உள்ளும் புறமும் நல்ல தண்ணீர், லோஷினியின் ஷாம்பு, மெல்லிய துணி. பிரஷ் ஆகாது, வெயில் ஆகாது, மடிக்கவே ஆகாது. நிழலில் நீட்டிப் படுக்க வைத்து, உள்ளே ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவி, மேலே துணி போர்த்த வேண்டும்.

"என்னக்கூட நீ இப்படிக் கவனிச்சதில்ல லா" என்றான் செல்வா.

"உங்களுக்குக் கிழிஞ்சா ஆஸ்பத்திரியில தைப்பாங்க. இதுக்குக் கிழிஞ்சா யாரு தைப்பா?"

வீரமுத்து அதைக் கேட்டும் கேட்காதவர் போல, காலைத் தூக்கி வாலைத் தாண்டிப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செல்வா இருட்டோடு செனாயிலுள்ள தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டான். யோகேஸ்வரி லோஷினியைப் பாலர் பள்ளியில் விட்டு, பாசாருக்கும் போய்க் காய்கறி வாங்கித் திரும்பினாள். வால் நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று துணியைத் தூக்கினாள்.

வெள்ளிச் செதில் மேலெல்லாம் மஞ்சள். நடுநடுவே சிவப்பு. துணியோடு சேர்ந்து அப்பிக்கொண்டு, திட்டுத் திட்டாக.

ஓடிப்போய் ஷாம்பு எடுத்து வந்தாள். தேய்த்தாள். சிவப்பு ரோஸாகி இன்னும் பரவியது. மஞ்சள் அசையவே இல்லை. சிலிக்கோன் அதைக் குடித்துவிட்டிருந்தது.

ஈரக் கையோடு முன்னறைக்கு வந்தாள். வீரமுத்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வால்ல மஞ்சளப் பூசினது யாரு?"

"நான்தாம்மா."

அவர் நேராகப் பேசிவிட்டார். அதோடு, முகத்தில் லேசான சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே மாமா! விடிஞ்சா நான் எத மாட்டிக்கிட்டுப் போவேன்?"

"இல்லம்மா, கழுவினா..."

"போவாது! என்ன செஞ்சாலும் போவாது! நல்லாத் தெரிஞ்சுதான பூசினீங்க? எவனோ ஆலையில சிரிச்சான்னு என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!"

"நான் என்ன நெனச்சேன்னா..."

"ஒண்ணும் சொல்லாதீங்க! இனிமே உங்க கைய என் சாமான் மேலயும் வைக்காதீங்க, என் புள்ள மேலயும் வைக்காதீங்க!"

வீரமுத்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். குவளையைக் கீழே வைத்தார். லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சாலை முனையில் லோரி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஹோட்டலுக்குப் போன் செய்து, வேறொரு நாள் தர முடியுமா என்று கேட்டாள். வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், முடியாது என்று போனை வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் செல்வாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வாலை அப்படியே வாசலுக்குத் தூக்கி வந்தாள்.

"பாருங்க! உங்கப்பா செஞ்ச வேலையப் பாருங்க! அந்த மனுஷன நல்லாக் கேட்டு விட்டுட்டேன். இனிமே லோஷினியத் தொடக் கூடாதுன்னுட்டேன்."

செல்வா ஹெல்மெட்டைக் கழற்றினான். அப்போதுதான் அவன் மோட்டார் விளக்கைப் பார்த்தாள். மஞ்சள் குழைத்த சந்தனம், மூன்று கோடு. நடுவில் குங்குமப் பொட்டு.

"இது... இது யாரு வச்சது?"

"அப்பாதான். இன்னிக்கு ஆயுத பூசை லா. தேர்வு தேர்வுன்னு இன்னிக்கு என்ன நாள்னே மறந்துட்டியா?" செல்வா வாலைத் தொட்டுப் பார்த்தான். "விடியக்காலையில எழுப்பி வச்சு கேட்டாரு. 'என் லோரியக்கூட நான் இப்படிக் கழுவினதில்லடா, தொழில் சாமான அவ்வளவு மதிக்குது அந்தப் புள்ள. அதுக்கும் ஒரு பொட்டு வைக்கணும். நான் தொட்டா மருமக கோவிச்சுக்குமா?'ன்னு. 'சந்தோஷப்படுவாப்பா, வைங்க'ன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன்."