டாக்டரின் சிவப்புக் கார்

டாக்டர் ஜானகிராமன் தன் அம்பாசடரை விற்றுவிட்டு அந்தச் சிவப்புக் காரை ஓட்டி வந்த அன்று, செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியே வாசலுக்கு வந்துவிட்டது.

ஊட்டி எஸ்டேட்டில் ஏதோ ஒரு துரை விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். அம்பாசடர் விற்ற காசில் பாதிகூட ஆகவில்லையாம். மொத்தமே இரண்டு சீட்டு. கூரை என்று ஒரு கித்தான் துணி, அதுவும் மடித்தே கிடந்தது.

"வூட்ல சம்சாரம், ரெண்டு பொண்ணு. இவரு வாங்கினது ரெண்டு சீட்டு. யாரை ரோட்ல நிக்க வெச்சுட்டுப் போவாரு?" என்றார் ஹெட்கிளார்க் ஜம்புலிங்கம்.

"அம்பது வயசுல மைனர் ஆசை" என்றார் புண்ணுக்குக் கட்டுப் போடும் ஏசுபாதம். டாக்டர் மேல் உயிரையே வைத்திருந்தவர். அதனால்தான் கோபமும் அவருக்குத்தான் அதிகம்.

மறுவாரமே அந்தக் கோபம் கொதித்தது.

பொன்னிக்கு அன்று டிஸ்சார்ஜ். நெம்மேலி குப்பத்து மீன்காரி. மூன்று வருஷ வைத்தியத்தில் நோய் சுத்தமாகப் போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் மடங்கியது மடங்கியதுதான். அழைத்துப்போகப் புருஷன் சடையன் வரவில்லை. வீட்டுக்குள் சேர்ப்பானா, மாட்டானா? இந்தக் கவலையில் மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸிலும் ஏற முடியாது. விரலைப் பார்த்து யாராவது கத்தி இறக்கி விட்டுவிடுவார்கள்.

"நான் கொண்டுபோய் விடறேன், ஏறும்மா" என்றார் டாக்டர். "ஏசுபாதம், இவ டிரங்குப் பெட்டிக்கு இதுல இடமில்லை. நீங்க அதை எடுத்துட்டு பஸ்ல முன்னாடி போங்க, நாங்க பின்னால மெதுவா வர்றோம்."

பொன்னி மிரண்டாள். "உங்க பக்கத்துலயா குந்தறது? வேணாங்கய்யா."

"ஏறு, ஏறு."

ஏறினாள். "அந்தக் கூரையாச்சும் இஸ்த்து வுடுங்கய்யா. எல்லார் கண்ணும் எம்மேலதான் கீது."

"கூரை போட்டா காத்து வராது."

"அப்ப ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பாண்ட எறக்கி வுட்ருங்க. இருட்னதும் நா நடந்து பூட்றேன்."

பதிலுக்கு டாக்டர் ஹாரனை அடித்துப் பார்த்துக்கொண்டார். நன்றாகவே சத்தம் போட்டது.

'ஒரு பொம்பளை அவமானத்துல அழுதுகினு கீறா, இவருக்குக் காத்து வேணுமாம்!' ஏசுபாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியோடு பஸ் ஏறினார்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, மகாபலிபுரத்தில் பஸ் மாறி, அவர் குப்பத்துக்குள் நுழைந்தபோது சடையன் வலை பின்னிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அவன் அம்மா ஆதியம்மாள்தான் எழுந்து வந்தாள்.

"பொட்டிய அங்க வையி" என்று வீட்டுக்குப் பின்னால் கை காட்டினாள்.

வேலியோரமாகப் புதிதாக ஒரு ஓலைக் குடிசை. உள்ளே ஒரு பாய், ஒரு மண்சட்டி.

"நோய் போயிடுச்சும்மா. டாக்டரே எழுதிக் குடுத்துக்கீறாரு, பாரு" என்று காகிதத்தை நீட்டினார் ஏசுபாதம்.

"கொயந்தைங்க இருக்கிற வூடு. காயிதத்த நம்பி உள்ள வுட முடியுமா, நைனா?"

வேறு வழியின்றிப் பெட்டியைக் குடிசையில் வைத்துவிட்டு வந்தார். அப்போது ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது.

குப்பமே வெளியே ஓடி வந்தது. மணல் பாதையில் சிவப்புக் கார் ஊர்ந்து வந்தது. தலையில் துண்டு கட்டிக்கொண்டு டாக்டர், பக்கத்தில் குனிந்த தலையோடு பொன்னி. பள்ளத்தில் விழும்போதெல்லாம் இருவர் தோளும் இடித்துக்கொண்டன. காற்றில் அவள் கூந்தல் டாக்டர் முகத்தில் வந்து விழ, அவர் பாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, வஞ்சிரத்தை எப்படி வறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலிலும் நிறுத்தவில்லை. கங்கையம்மன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்து நிறுத்தினார். 'சாமி ஊர்வலமா நடத்தறாரு?' என்று ஏசுபாதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டரு இடிச்சிகினு ஒக்காந்துகினு வராருடி!" என்றாள் ஒருத்தி.

"அவருக்குத் தெரியாதது நமக்கு இன்னா தெரிஞ்சுடப் போவுது?" என்றாள் இன்னொருத்தி.

சடையன் வலையைக் கீழே போட்டான். பின்பக்கம் போனான். குடிசையிலிருந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனான். ஆதியம்மாள் மகனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். மருமகளுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றாள்.

பொன்னி அழுதாள். ஏசுபாதமும்தான்.

திரும்பும்போது அவர் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கடல் காற்று சுகமாகத்தான் இருந்தது.

"உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் சார். கூரையைத் தொறந்து போட்டது இப்பப் புரியுது. ஆனா அதுக்கு அம்பாசடரை ஏன் வித்தீங்க? கண்ணாடியை எறக்கிட்டு வந்தா ஊருக்குத் தெரியாதா?"

டாக்டர் ஒரு பள்ளத்தை ஒதுக்கி வண்டியைத் திருப்பினார்.

"போன வருஷம் நோய் குணமான சந்திரம்மாவைப் படாளத்துல இருக்கற அவ வீட்டுக்கு அதுலதான் கொண்டுபோய் விட்டேன். மாட்டுக் கொட்டாயில வெச்சுட்டாங்க. சத்தம் போட்டேன். 'நீங்க மட்டும் அவளை எங்க குந்த வெச்சு இட்டாந்தீங்க?'ன்னு அவ மாமியார் கேட்டா."

"மரியாதைக்குப் பின்னால உட்கார வெச்சிருப்பீங்க சார்."

"மரியாதையாவது! உள்ளுக்குள்ள பயம். எத்தனை படிச்சும் போகலை, ஏசுபாதம். பின் சீட்டுன்னு ஒண்ணு இருந்தா மறுபடியும் அந்தக் கதவைத்தான் திறந்துவிடுவேன். அதான், பின் சீட்டே இல்லாத வண்டியா வாங்கிட்டேன்."