மைனா சுட்ட பழக்கேக்

அணிலுக்குச் சனிக்கிழமை என்றாலே ஆகாது. அன்றுதான் மைனா அக்கா அதை இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப்போகும். சாப்பாடு அமிர்தம், அக்காவின் வாயை நினைத்துத்தான் பயம்.

"என்னய்யா பாஸ்தா இது, வேகவே இல்ல?" என்று இந்த வாரமும் பரிமாறுகிற கொக்கைப் பிடிபிடியென்று பிடித்தது மைனா.

"இத்தாலியில இப்படித்தாங்க, கொஞ்சம் விறைப்பா இருக்கும்" என்றது கொக்கு.

"கதை விடாதே. குழைய வேகவைச்சுக் கொண்டா!"

கொக்கு தட்டோடு திரும்பியது. அணில் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளாத குறைதான்.

மறுநாள் மைனா வீட்டில் பழக்கேக். ஒரு மாதம் ரம்மில் ஊறிய திராட்சை கமகமத்தது. வெட்டியதும் நடுவிலிருந்து பச்சை மாவு வழிந்தது.

"நடுவுல வேகலையேக்கா?" என்றது அணில் மெதுவாக.

மைனா அதைப் பரிதாபமாகப் பார்த்தது. "வாராவாரம் கூட்டிட்டுப் போயும் உனக்கு ஒண்ணும் ஏறலையே! இத்தாலியில இப்படித்தான்டி."