கடைசி வெள்ளைக் காய்

கம்ப்யூட்டர் கேரமில் தணிகாசலம் தோற்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். மவுஸை மேஜையில் போட்டு அடிக்கிற அடி அப்படி. அக்கம்பக்கத்தில் சீரியல் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான லெவலுக்கு இறங்கி வந்தும் மனிதருக்குத் தோல்விதான். கல்யாணமான நாளிலிருந்து மனைவி புஷ்பாவிடம் ஒருமுறைகூடத் தோற்காதவர், பாவம், எப்படித் தாங்குவார்? "மெஷின் ஏமாத்துது" என்று திரையை அணைத்துவிட்டு, பரண்மேல் கிடந்த பழைய கேரம் போர்டை இறக்கினார்.

"வா புஷ்பா, ஒரு ஆட்டம் போடுவோம். மனசாவது ஆறட்டும்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் முடியும் நேரத்தில் அவளுடைய கடைசி வெள்ளைக் காய் குழி வாயிலேயே நின்றது. ஊதினாலே விழுந்துவிடும். விழுந்தால் அவளுக்கு ஜெயம். புஷ்பா நன்றாகக் குறி பார்த்தாள். சுண்டுகிற நேரத்தில் அவள் விரல் ஒரு நூல் விலகியதைத் தணிகாசலம் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"ச்சே, தவறிடுச்சுங்க" என்றாள், எப்போதும் போல.

அவர் தன் முறையை ஆடவில்லை. ஸ்ட்ரைக்கரை அவள் பக்கமே தள்ளினார்.

"நிஜமா அடி, புஷ்பா."

அவள் ஸ்ட்ரைக்கரை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"வேணாங்க. நீங்களே ஆடுங்க. இத்தனை வருஷம் நல்லாத்தானே போச்சு?"