யாருக்குச் சொல்லும்?

கடைக்காரர் கபூர் பாய் வயரில்லாத மூன்று கார் ஸ்கேனர்களை மேசைமேல் வைத்தார். எதை மாட்டினாலும் வண்டியின் கோளாறு உடனே செல்போனுக்குப் போய்விடும். யாருடைய செல்போனுக்கு என்பதில்தான் வித்தியாசம்.

"இது கார் கம்பெனிக்குச் சொல்லும். இது லோன் குடுத்த பேங்குக்கு. இது இன்சூரன்ஸ்காரங்களுக்கு. இந்த இன்சூரன்ஸ் ஸ்கேனர் மட்டும் இலவசம்."

வால்பாறை டாக்ஸி டிரைவர் மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வண்டி ஓட்டுறவன் நான், பாய்! எனக்குச் சொல்றது ஒண்ணுகூட இல்லையா?"

"டிரைவருக்குச் சொன்னா பதறிடுவான்னு சட்டத்துல இடமில்ல, தம்பி. ஏதாவது ஒண்ணு மாட்டலேன்னா செக்போஸ்ட்ல விடமாட்டாங்க."

முணுமுணுத்துக்கொண்டே இலவசத்தை மாட்டினான். மறுநாள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கினான். பாதி வளைவுகள் தாண்டியதும் மனைவி ஸ்பீக்கரில் அழைத்தாள்.

"ஏங்க, நம்ம பாலிசிய ரத்து பண்ணிட்டாங்களாம். இன்சூரன்ஸ்லேர்ந்து இப்பத்தான் பேசினாங்க."

"எதுக்காம்? தவணை ஒழுங்காத்தானே கட்டுறேன்!"

"பிரேக் இன்னும் கொஞ்ச நேரத்துல போயிடுமாம். அதான் அதுக்கு முன்னாடியே ரத்தாம். நாமினிங்கிறதால எனக்குச் சொன்னாங்களாம்."

"அடப்பாவிங்களா, அத என்கிட்டல்லடா சொல்லணும்!" என்று கத்திக்கொண்டே மாசிலாமணி மிதித்தான்.

பெடல் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது.