நெற்றிப் பட்டையில் சிவப்பு

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜெசிந்தா, மூளையடியில் பிட்யூட்டரிச் சுரப்பியில் இருந்த கட்டியை அகற்றிய ஏழாவது வாரம் வேலைக்குத் திரும்பினாள். வேலைக்கு வரும் எல்லாரும் கட்டவேண்டிய நெற்றிப் பட்டை அவள் களைப்பை அளந்து, பச்சைக்குப் பதில் சிவப்பைக் காட்டியது. சிவப்பு எரிந்ததால் கிரேன் கிளம்பவில்லை.

"இந்தக் களைப்புல மூளை ஓடாதும்மா. வீட்டுக்குப் போங்க," என்றார் மேலாளர்.

"களைப்பு இருக்கு சார். ஆனா யோசனை தெளிவாத்தான் இருக்கு. சோதிச்சுப் பாருங்க."

எந்தப் பெட்டியை எங்கே ஏற்றுவது என்று காட்டும், அன்றைய கப்பலின் சரக்கு வரைபடத்தை அவர் நீட்டினார். நாற்காலியில் சாய்ந்தபடியே பார்த்தவள், கனமான பெட்டிகளெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்திருப்பதைக் காட்டினாள். அப்படியே ஏற்றியிருந்தால் கப்பல் சாய்ந்திருக்கும். பட்டையில் பச்சை காட்டிய மூன்று பேர் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து வரைபடங்கள் சரிபார்க்க அவளிடம் வந்தன. மேசைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டாள். களைப்பு வந்தபோதெல்லாம், எல்லாரும் பார்க்க, கூச்சமில்லாமல் படுத்துத் தூங்கினாள்.